எண்ணெய் கசிந்த பிறகு கரையை யார் மீட்பது? மெக்சிகோ வளைகுடா அனுபவம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2017 பிப்ரவரியில் சென்னை அருகே எண்ணூர்க் கரையில், கப்பல்கள் மோதிக் கொட்டிய எண்ணெயின் கருப்புக் கூழை வாளியில் அள்ளிக் கைமாற்றிய வரிசையில் நானும் நின்றேன். வாளியின் பிடி கையோடு ஒட்டிக்கொள்ளும். வீட்டுக்கு வந்து தேங்காய் எண்ணெய் தேய்த்துக் கழுவினாலும் நகக்கண்ணில் கருப்பு இருக்கும். சில வாரங்களில் பாறைகளைத் துடைத்தாகிவிட்டது, எல்லோரும் கிளம்பிவிட்டோம். அதற்குப் பிறகு அந்தக் கரையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற கேள்வி மட்டும் என்னை விடவில்லை. இதைப் பெரிய அளவில் செய்து பார்த்த இடம் எங்கே என்று தேடியபோது மெக்சிகோ வளைகுடாவில் போய் நின்றேன். அதைப் பற்றி என்னிடம் பலரும் கேட்ட கேள்விகளையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே தருகிறேன்.

எந்த விபத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள்?

2010 ஏப்ரல் 20 இரவு, அமெரிக்காவின் லூசியானா கரையிலிருந்து சுமார் 66 கி.மீ. தள்ளி, டீப்வாட்டர் ஹொரைசன் என்ற துளையிடும் மிதவைத் தளம் வெடித்தது. 11 தொழிலாளர்கள் இறந்தார்கள். இரண்டு நாளில் தளம் மூழ்கியது. அடியில், ஏறக்குறைய 1,500 மீட்டர் ஆழத்தில் இருந்த மகாண்டோ கிணறு 87 நாட்கள் எண்ணெயைக் கக்கிக்கொண்டே இருந்தது. ஜூலை 15 அன்றுதான் மூடி போட முடிந்தது. மொத்தம் 49 லட்சம் பீப்பாய் வெளியேறியதாக அரசு கணக்கிட்டது. அபராதத்துக்காக நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட கணக்கு 31.9 லட்சம் பீப்பாய். கிணற்றை நடத்தியது பிபி நிறுவனம், தளம் டிரான்ஸ்ஓஷன் நிறுவனத்துடையது. சுமார் 2,100 கி.மீ. கரையில் எண்ணெய் படிந்தது. ஒரு கட்டத்தில் வளைகுடாவின் மத்திய அரசு நீர்ப்பரப்பில் 37 சதவீதத்தில் மீன்பிடிக்கத் தடை இருந்தது.

எண்ணெயை அள்ளிவிட்டால் வேலை முடிந்ததுதானே?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

லூசியானாவின் கரை பெரும்பாலும் மணற்கரை இல்லை. முழங்கால் முதல் இடுப்பு உயரம் வரை வளரும் கோரை மாதிரியான ஒரு புல், மைல் கணக்கில் சேற்றில் நிற்கும் சதுப்பு அது. அந்தச் சேறு கரையாமல் நிற்பதே புல்லின் வேர்ப்பின்னல் பிடித்து வைத்திருப்பதால்தான். எண்ணெய் தண்டில் ஏறிக் கனமாகப் படிந்தால் புல் சாகும். மேலே இருப்பது காய்ந்தால் பரவாயில்லை, மறுபடி துளிர்க்கும். வேர் செத்துவிட்டால் பிடிமானம் போய், விளிம்பு அலையில் கட்டி கட்டியாக உடைந்து விழும். உடைந்த இடம் திறந்த தண்ணீராகிவிடும், அங்கே மறுபடி புல் முளைக்க மண்ணே இருக்காது. எண்ணெய் கனமாகப் படிந்த விளிம்புகளில் அரிப்பு வேகமானதை ஆய்வாளர்கள் அளந்து பதிவு செய்திருக்கிறார்கள். இறால் குஞ்சும் நண்டும் வளர்வது அந்த விளிம்பில்தான்.

அள்ளப் போவதே சில சமயம் ஆபத்து. சதுப்புக்குள் ஆள் இறங்கி நடந்தால் எண்ணெயை மிதித்துச் சேற்றுக்குள் அழுத்திவிடுவோம். அதனால் பல இடங்களில் தொடாமல் விடுவதே மேல் என்று முடிவெடுத்தார்கள். ஆக, அள்ளுவது ஒரு வேலை. போன மண்ணையும் புல்லையும் சிப்பிப் படுகையையும் திரும்பக் கொண்டுவருவது வேறு வேலை. முதலாவது மாதக் கணக்கு, இரண்டாவது பத்தாண்டுக் கணக்கு. ஆட்களும் வேறு, சட்டமும் வேறு, பணப்பெட்டியும் வேறு.

அள்ளும் கட்டத்தில் யார் தலைமை?

கடலோரக் காவல்படை. அதன் அட்மிரல் தாட் ஆலனை தேசியப் பொறுப்பதிகாரியாக நியமித்தார்கள். செலவு மாசுபடுத்தியவர் தலையில். 1989இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் தரைதட்டிய பிறகு, 1990இல் வந்த எண்ணெய் மாசுச் சட்டம் அப்படிச் சொல்கிறது.

ஆனால் மாநிலமும் மத்திய அரசும் ஒரே குரலில் பேசவில்லை. லூசியானா ஆளுநர் பாபி ஜிண்டால், கரைக்கு வெளியே மணல் மேடு எழுப்பி எண்ணெயைத் தடுக்கலாம் என்று ஒற்றைக்காலில் நின்றார். அனுமதி கிடைத்தது, பிபி பணம் கொடுத்தது. ஏறக்குறைய 22 கோடி டாலர் செலவில் எழுப்பிய மேடுகள் பிடித்து நிறுத்திய எண்ணெய் சுமார் 1,000 பீப்பாய்தான் என்று பின்னர் விசாரித்த தேசிய ஆணையம் சொன்னது. கரை பறிபோகிறதே என்று துடித்த மாநிலத்தின் பதற்றம் எனக்குப் புரிகிறது. ஆனாலும், யார் முடிவெடுப்பது என்பது முன்கூட்டியே தீராவிட்டால் பணம் எப்படிக் கரையும் என்பதற்கு இது கண்முன் இருக்கும் உதாரணம்.

மீட்பு வேலைக்குத் தனியாக ஒரு பணிக்குழு ஏன் தேவைப்பட்டது?

வளைகுடாக் கரை டெக்சாஸ், லூசியானா, மிசிசிப்பி, அலபாமா, புளோரிடா என ஐந்து மாநிலங்களுக்குச் சொந்தம். மீன்வளம் ஒரு துறை, பறவைகள் ஒரு துறை, ஆற்றுக் கரைகளும் தூர்வாரலும் ராணுவப் பொறியாளர் பிரிவு, தண்ணீர்த் தரம் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. இறாலுக்கு இந்த எல்லைக்கோடு எதுவும் தெரியாது. மிசிசிப்பி ஆற்றில் மேலே எங்கோ செய்த தவறு கீழே முகத்துவாரத்தில் வந்து நிற்கும்.

2010 ஜூனில் அதிபர் ஒபாமா, கடற்படைச் செயலர் ரே மேபஸிடம் நீண்டகால மீட்புத் திட்டம் ஒன்றைத் தரச் சொன்னார். மேபஸ் முன்பு மிசிசிப்பி ஆளுநராக இருந்தவர், அந்தக் கரையை அறிந்தவர். செப்டம்பரில் அவர் தந்த அறிக்கையின்படி, அக்டோபர் 5 அன்று நிர்வாக ஆணை 13554 மூலம் வளைகுடாக் கரைச் சூழல் மீட்புப் பணிக்குழு உருவானது. சுற்றுச்சூழல் முகமையின் தலைவர் லிசா ஜாக்சன் அதற்குத் தலைமை ஏற்றார். அவர் நியூ ஆர்லியன்ஸில் வளர்ந்தவர். ஐந்து மாநிலப் பிரதிநிதிகளும் மத்திய துறைகளின் மூத்த அதிகாரிகளும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள்.

அந்தக் குழு என்ன சாதித்தது?

2011 டிசம்பரில் ஒரு வியூக அறிக்கை வெளியிட்டது. வாழிடம், தண்ணீர்த் தரம், கடல்வாழ் உயிர்கள், கரையோர மக்களின் தாங்குதிறன் என்று நான்கு இலக்குகள். அதில் எனக்குப் பிடித்த விஷயம், எண்ணெயை மட்டும் குற்றவாளியாக நிறுத்தவில்லை என்பது. 1930களிலிருந்து லூசியானா கிட்டத்தட்ட 5,000 சதுர கி.மீ. நிலத்தைக் கடலுக்குக் கொடுத்திருக்கிறது. ஆற்றுக்கு இருபக்கமும் கட்டிய கரை, வண்டல் சதுப்புக்குப் போகாமல் தடுத்துவிட்டது. எண்ணெய்க் கம்பெனிகள் சதுப்பை வெட்டிப் போட்ட கால்வாய்கள் உப்புத் தண்ணீரை உள்ளே விட்டன. அந்தக் கரை 2010க்கு முன்பே நோயாளி. பழைய நிலைக்குக் கொண்டுவருகிறோம் என்று சொன்னால் எந்தப் பழைய நிலை என்று கேட்க வேண்டியிருக்கிறது.

ஆனால் குழுவிடம் பணம் கிடையாது. திட்டம் எழுதலாம், கூட்டம் போடலாம், அவ்வளவுதான். 2012 செப்டம்பரில் அதைக் கலைத்து, பணமுள்ள ஓர் அமைப்பிடம் வேலையைக் கொடுத்தார்கள்.

அந்தப் பணம் எப்படி வந்தது?

2012 ஜூலை 6 அன்று கையெழுத்தான ரெஸ்டோர் சட்டத்தால்.

அதற்கு முன்பு இருந்த நிலை இதுதான்: எண்ணெய் கொட்டியவர் தூய நீர்ச் சட்டப்படி கட்டும் அபராதம், நாடு முழுவதற்கும் பொதுவான ஒரு நிதியில் போய்ச் சேரும். அடிபட்ட கரைக்கு அதில் தனி உரிமை இல்லை. ரெஸ்டோர் சட்டம் அந்த வாய்க்காலைத் திருப்பியது. இந்த விபத்துக்கான அபராதத்தில் 80 சதவீதம் வளைகுடாவுக்கே போக வேண்டும் என்று எழுதிவைத்தது. அப்போது வழக்கு முடியவில்லை, தொகை எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. தொகை தெரியும் முன்பே பங்கை உறுதி செய்தது பெரிய புத்திசாலித்தனம் என்று நினைக்கிறேன். பணம் கண்ணில் பட்ட பிறகு அப்படி ஒரு சட்டத்தை நிறைவேற்ற முடிந்திருக்குமா என்பது சந்தேகமே.

அந்த 80 சதவீதத்தை நூறு பங்காகப் பிரித்தால், 35 பங்கு ஐந்து மாநிலங்களுக்கும் சமமாக. 30 பங்கு புதிதாக அமைந்த மீட்பு கவுன்சிலின் கையில். இன்னொரு 30 பங்கு, யாருக்கு எவ்வளவு அடி என்ற கணக்குப்படி மாநிலங்களுக்கு. மிச்சம் 5, ஆராய்ச்சிக்கு.

கவுன்சிலில் யார் முடிவெடுக்கிறார்கள்?

ஐந்து ஆளுநர்களும் ஆறு மத்திய துறைத் தலைவர்களும் உறுப்பினர்கள். வாக்களிப்பு விதிதான் இதன் உயிர். எந்த முக்கியத் தீர்மானத்துக்கும் மத்திய அரசுத் தரப்பிலிருந்து வரும் தலைவரின் சம்மதமும் வேண்டும், மாநில உறுப்பினர்களில் பெரும்பான்மையும் வேண்டும். மத்திய அரசு தன்னிஷ்டத்துக்கு ஒரு திட்டத்தைத் திணிக்க முடியாது. மாநிலங்களும் கூடிப் பேசிப் பங்கு போட்டுக்கொள்ள முடியாது. இதனால் வேலை மெதுவாகத்தான் நகரும். மணல் மேட்டுக் கதையைப் படித்தவர்கள் அந்த மெதுவைப் பொறுத்துக்கொள்வார்கள்.

மொத்தம் எவ்வளவு பணம்?

2014 செப்டம்பரில் நீதிபதி கார்ல் பார்பியர், பிபி கடும் அலட்சியத்தோடு நடந்துகொண்டது என்று தீர்ப்பளித்தார். அந்த ஒரு சொல்லால், பீப்பாய்க்கு 1,100 டாலராக இருந்த அபராத உச்சவரம்பு 4,300 டாலராக ஏறியது. அதன் பிறகு சமரசப் பேச்சு வேகம் எடுத்தது. 2016 ஏப்ரலில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின் மொத்த மதிப்பு சுமார் 2,080 கோடி டாலர். அதில் தூய நீர்ச் சட்ட அபராதம் 550 கோடி, இயற்கை வளச் சேதத்துக்கு 880 கோடி, மீதி பெரும்பாலும் மாநிலங்களும் உள்ளாட்சிகளும் பொருளாதார இழப்புக்குக் கேட்டது. எல்லாம் ஒரே நாளில் வராது, சுமார் 15 ஆண்டுத் தவணை.

இது தவிர, குற்ற வழக்கில் வந்த தொகையிலிருந்து ஏறக்குறைய 250 கோடி டாலர் தேசிய மீன், வனவிலங்கு அறக்கட்டளை வழியாகக் கரைக்குப் போனது. ஆக அபராதம், இயற்கை வளச் சேத ஈடு, குற்ற வழக்குத் தொகை என மூன்று குழாய்கள், மூன்றுக்கும் தனித்தனி விதிமுறை. ஒரே தீவுக்காக இரண்டு குழாய்களுக்கு விண்ணப்பம் போகும். பல கட்டங்களில் ஒருங்கிணைப்பு என்பது இந்தக் குழாய்கள் ஒன்றையொன்று மோதாமல் பார்த்துக்கொள்ளும் வேலையாகவே இருந்தது.

செத்த பறவைக்கும் ஆமைக்கும் எப்படி விலை போட்டார்கள்?

விலை போடவில்லை. ஈடு கேட்டார்கள். நம் ஊரில் கோயில் சொத்துக்கு அறங்காவலர் இருப்பதுபோல, அந்த நாட்டுச் சட்டத்தில் மீன், பறவை, சதுப்பு போன்ற பொதுச் சொத்துக்கு அரசுத் துறைகளே அறங்காவலர்கள். அவர்கள் சேதத்தை அளக்க வேண்டும், அதை ஈடுசெய்யும் வேலைகளைப் பட்டியலிட வேண்டும், அந்த வேலைகளின் செலவை மாசுபடுத்தியவரிடம் வாங்க வேண்டும். திட்டத்தைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்துக் கருத்துக் கேட்பது கட்டாயம்.

அவர்கள் கணக்கில் 56,000 முதல் 1,02,000 வரை பறவைகள் இறந்தன. அறுவடைக்குரிய சிப்பிகள் 400 கோடி முதல் 830 கோடி வரை போயின. லூசியானாவின் பரட்டாரியா விரிகுடாவில் வாழும் ஓங்கில்களுக்கு (டால்பின்) நுரையீரல் நோய் வந்து, அவற்றின் எண்ணிக்கை பாதியாகக் குறையும் என்று மதிப்பிட்டார்கள். மக்கள் கடற்கரைக்குப் போக முடியாமல் இழந்த நாட்களைக்கூடக் கணக்கில் சேர்த்தார்கள். மாலையில் கடற்காற்று வாங்குவது ஓர் உரிமை, அதைப் பறித்தால் ஈடு தர வேண்டும் என்று ஒரு சட்டம் சொல்வதை முதன்முதலில் படித்தபோது அந்தப் பக்கத்தை மடித்து வைத்தேன்.

ரசாயனம் தெளித்தார்களாமே?

ஆமாம், எண்ணெயைச் சிதறடிக்கும் கோரெக்சிட் வகைகள், சுமார் 70 லட்சம் லிட்டர். ஒரு பகுதியை முதன்முறையாகக் கடலடியில், கிணற்று வாயிலேயே செலுத்தினார்கள். கரைக்கு வரும் எண்ணெயைக் குறைக்க ஆழ்கடலைப் பணயம் வைத்த முடிவு அது. சரியா தவறா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

சரி, உண்மையிலேயே திரும்பி வந்த இடம் ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. குயின் பெஸ் தீவைச் சொல்வேன்.

லூசியானாவின் கிராண்ட் ஐல் அருகே, பரட்டாரியா விரிகுடாவில் இருக்கும் சின்னத் திட்டு அது. பழுப்புக் கூழைக்கடா லூசியானாவின் மாநிலப் பறவை. பூச்சிக்கொல்லியால் 1960களில் அது அந்த மாநிலத்தில் அடியோடு அற்றுப்போனது. புளோரிடாவிலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். அவை வளர்ந்து, 1971இல் முதலில் கூடு கட்டியது இந்தத் தீவில்தான். 2010இல் எண்ணெய் வந்து சேர்ந்தது. அலகு முதல் வால் வரை பழுப்பு எண்ணெயில் ஊறி, இறக்கையை விரிக்க முடியாமல் நின்ற கூழைக்கடாப் படங்கள் உலகம் முழுக்கப் போயின அல்லவா, அவை இந்தச் சுற்றுவட்டாரத்தில் எடுத்தவைதான்.

தீவும் அரிந்துகொண்டே வந்தது. பறவைகள் கூடு கட்டத் தோதான இடம் சுமார் 5 ஏக்கராகச் சுருங்கிவிட்டது. சேத ஈட்டுப் பணத்தில் அதை மீட்டார்கள். இனப்பெருக்கக் காலம் முடிந்து பறவைகள் கிளம்பிய பிறகு 2019இல் வேலை தொடங்கி, அவை திரும்பும் முன் 2020 பிப்ரவரியில் முடித்தார்கள். மணலைக் கொண்டுவந்து நிரப்பி 37 ஏக்கராக்கினார்கள். கூழைக்கடா புதரில் கூடு கட்டும், அதற்குச் செடி நட்டார்கள். ஆலாக்கள் வெறுந்தரையில் முட்டையிடும், அவற்றுக்குச் சுண்ணாம்புக்கல் ஜல்லி பரப்பினார்கள். அந்தப் பருவத்திலேயே பறவைகள் வந்து இறங்கின.

ஒரு தீவுக்கு இத்தனை கவனமா என்று சிலர் கேட்கிறார்கள். பறவையின் நாட்காட்டிக்கு ஏற்ப ஒப்பந்தக்காரரின் நாட்காட்டியை மாற்ற முடிந்ததே என்று நான் பார்க்கிறேன். மாநிலமும் மத்திய அறங்காவலர்களும் ஒரே தேதியில் கையெழுத்துப் போடாவிட்டால் ஒரு பருவம் வீணாகியிருக்கும்.

பணத்தை வீணடித்த கதை இல்லையா?

உண்டு. முன்கூட்டியே மீட்பு தொடங்க பிபி 2011இல் 100 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. அதிலிருந்து 5.85 கோடி டாலரை அலபாமாவின் கல்ஃப் மாநிலப் பூங்காவில் விடுதியும் மாநாட்டு மையமும் கட்ட ஒதுக்கினார்கள். மக்கள் இழந்த கடற்கரை நாட்களுக்கு ஈடாம். சுற்றுச்சூழல் அமைப்பு ஒன்று வழக்குப் போட்டது. மாற்று வழிகளைச் சரியாகப் பரிசீலிக்கவில்லை என்று 2016இல் நீதிமன்றம் சொன்னது. மறுபடி பரிசீலித்ததாகக் காகிதம் தயாரித்து, 2018இல் விடுதி திறந்தே விட்டது. எண்ணெயில் செத்த சதுப்பின் பெயரால் வந்த பணத்தில் விருந்தினர் அறை கட்டியதை என்னால் ஏற்க முடியவில்லை.

லூசியானாவின் பெரிய வண்டல் திட்டம் ஏன் நின்றுபோனது?

மத்திய பரட்டாரியா வண்டல் திருப்பம் என்று பெயர். மிசிசிப்பியின் கரையைத் திறந்து, மதகு வழியாகச் சேற்றுத் தண்ணீரைச் சதுப்புக்குள் விட்டு, ஆறே நிலம் கட்டட்டும் என்பது எண்ணம். மதிப்பு சுமார் 300 கோடி டாலர். 2023 ஆகஸ்டில் பூமி பூஜை மாதிரி ஒரு விழா. 2025 ஜூலையில் மாநிலமே திட்டத்தைக் கைவிட்டது. அதற்குள் 50 கோடி டாலருக்கு மேல் செலவாகிவிட்டது.

அறிவியலாளர்கள் பலர் இதை ஆதரித்தார்கள். சிப்பி வளர்ப்பவர்களும் இறால் பிடிப்பவர்களும் எதிர்த்தார்கள். நன்னீர் பாய்ந்தால் உப்பு குறையும், சிப்பி சாகும், ஏற்கெனவே அடிபட்ட ஓங்கில்களும் சாகும். இரண்டு தரப்பும் சொன்னது உண்மை என்பதுதான் இதில் வேதனை. இடையில் ஆளுநர் மாறினார், செலவு ஏறியது, வழக்குகள் வந்தன. ஐம்பது ஆண்டுக்குப் பலன் தரும் வேலையை நான்கு ஆண்டுக்கு ஒருமுறை தேர்தலைச் சந்திப்பவர்கள் கையில் கொடுத்தால் இந்த ஆபத்து இருக்கவே இருக்கிறது. தங்கள் வாழ்வாதாரத்துக்கு என்ன வழி என்று கேட்ட மீனவர்களுக்கு முதலிலேயே திருப்தியான பதில் கிடைத்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கலாம்.

மேசையில் மீனவர்களுக்கு இடம் இருந்ததா?

நேரடியாக இல்லை. கருத்துக் கேட்புக் கூட்டத்தில் பேசலாம், வாக்கு கிடையாது. வளைகுடா இறால் படகுகளில் கணிசமான பகுதி வியட்நாமிய அகதிக் குடும்பங்களுடையது. ஆரம்ப நாட்களில் துப்புரவுப் பயிற்சியும் ஒப்பந்தக் காகிதமும் ஆங்கிலத்திலேயே நடந்ததால், புரியாமல் கையெழுத்துப் போட வேண்டிய நிலை அவர்களுக்கு. லூசியானாவின் ஹூமா பழங்குடியினருக்கு இன்னொரு சிக்கல். மாநிலம் அவர்களை அங்கீகரித்திருக்கிறது, மத்திய அரசு அங்கீகரிக்கவில்லை. அதனால் பழங்குடி அரசு என்ற முறையில் அவர்களுக்கு அறங்காவலர் இடமும் இல்லை, இழப்பீடும் இல்லை. அவர்கள் தலைமுறைகளாக வாழ்வதோ அதே சதுப்பில்.

எண்ணூரில் என்ன நடந்தது? இதோடு ஒப்பிட முடியுமா?

அளவில் ஒப்பிட முடியாது. வேலையின் தன்மையில் ஒப்பிடலாம். 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே டான் காஞ்சிபுரம், பி.டபிள்யூ. மேப்பிள் என்ற இரண்டு கப்பல்கள் மோதி உலை எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பேட்டைப் பக்கமிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்தது. அலையாத்தி மரங்களின் அடிமரத்தில் வெள்ளம் நின்ற மட்டத்துக்குக் கருப்பு வளையம் விழுந்தது. அங்கேயும் கூழைக்கடாக்கள் எண்ணெயில் நனைந்து நின்றன. தென்மண்டலப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கெடுத்தது.

இந்தியாவிலும் எண்ணெய்க் கசிவுக்கான தேசியத் திட்டம் உண்டு. கடலில் ஒருங்கிணைப்பு கடலோரக் காவல்படை, கரையில் மாநில அரசு. அதன் கவனம் தடுப்பதிலும் அள்ளுவதிலும்தான். நான் மெக்சிகோ வளைகுடாவிலிருந்து எடுத்துவர விரும்புவது இரண்டு விஷயம்: அபராதத்தில் குறிப்பிட்ட பங்கு அந்த முகத்துவாரத்துக்கே என்ற சட்ட வரி, அதைச் செலவிடும் மேசையில் காட்டுக்குப்பம் போன்ற மீனவ ஊர்களுக்கு வாக்கு. இரண்டாவதை அமெரிக்காவே செய்யவில்லை.

எங்கள் கரையில் எண்ணெய் வந்தால் நாங்கள் முதலில் என்ன செய்ய வேண்டும்?

வெறுங்கையால் தொடாதீர்கள், பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள். கடலோரக் காவல்படையின் 1554 எண்ணுக்குச் சொல்லுங்கள். நனைந்த பறவையை நீங்களே சோப்புப் போட்டுக் குளிப்பாட்ட வேண்டாம், வனத்துறைக்குத் தெரிவியுங்கள்.

அப்புறம், ஆதாரம். இதை எல்லோரும் மறந்துவிடுகிறோம், ஆறு மாதம் கழித்து இழப்பீட்டுக் கணக்கெடுப்பு வரும்போது கையில் ஒன்றும் இருக்காது. தேதியும் இடமும் தெரியும்படி படம் எடுங்கள். வலையில் படிந்த எண்ணெயைக் கழுவும் முன்பு எடுங்கள். கசிவுக்கு முந்தைய மாதங்களின் மீன் ஏல ரசீது, டீசல் ரசீது எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வையுங்கள். கரையில் கையால் இறால் தடவிப் பிடிப்பவர்களுக்கும் மீன் விற்கும் பெண்களுக்கும் படகுப் பதிவு எதுவும் இருக்காது. அவர்கள் பெயரையும், தினமும் என்ன பிடித்தார்கள், என்ன விற்றார்கள் என்பதையும் ஊர்ப் பஞ்சாயத்தில் ஒரு நோட்டில் இப்போதே எழுதத் தொடங்கலாம்.